கரணை மெஷின் ஜெயசுதா

மரவள்ளியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கிழங்கைப் பிடுங்கிய பிறகு மிஞ்சுகிற குச்சியைச் சாண் நீளத்துக்கு வெட்டி மண்ணில் ஊன்றினால் போதும், அதுவே துளிர்த்துவிடும். வெட்டிய துண்டுக்குக் கரணை என்று பெயர். நடவு சீசனில் சின்னசேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காலை முதல் சாயங்காலம் வரை கரணை வெட்டுவார்கள். கொடுவாள் கூராக இருந்தால் முனை சீராக விழும். மழுங்கியிருந்தால் நார் நாராகப் பிளந்துவிடும். பிளந்த கரணை பாதிக்கு மேல் முளைக்காது.

அந்த வரிசையில் ஆறு வருடம் உட்கார்ந்தவள் ஜெயசுதா. பிறந்தது களமருதூரில், நிலமில்லாத கூலிக் குடும்பத்தில். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு சின்னசேலத்தில் கிரில் பட்டறை வைத்திருந்த இளமாறனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பட்டறையில் வேலை இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. அதனால் சீசனுக்குச் சீசன் அவள் கரணை வெட்டப் போனாள்.

ஒரு மாசி மாதம் கொடுவாள் சறுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. ஆறு தையல். மூன்று வாரம் தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்றார் டாக்டர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். இளமாறன் கட்டிங் மெஷினில் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் ஒரே நீளம். முனையில் ஒரு பிசிறு இல்லை. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய், வேலியோரம் கிடந்த ஒரு மரவள்ளிக் குச்சியை எடுத்து வந்தாள்.

"மாமா, இத ஒரு தபா அறுத்துக் காட்டேன்."

"இரும்பு அறுக்கற வீலு. குச்சிய வுட்டா கெட்டுப்பூடும்."

"கெட்டா வேற வாங்கலாம். ஒண்ணே ஒண்ணு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே அறுத்தான். குச்சி துள்ளி எகிறி எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. ஆனால் வெட்டுப்பட்ட இடம் வாழைத்தண்டை அரிந்த மாதிரி வழவழவென்று இருந்தது. பால் முத்து முத்தாகத் துளிர்த்து நின்றது. ஜெயசுதா அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப்போய் அன்று முழுவதும் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

விரல் ஆறியதும் இருவரும் சேர்ந்து ஒரு மெஷின் செய்தார்கள். மரம் அறுக்கும் வட்ட ரம்பம், ஒரு பழைய மோட்டார், ஆங்கிளில் ஒரு மேசை. பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் வெட்டியது. தெரிந்த விவசாயிகள் இரண்டு பேர் ஆளுக்கொன்று செய்து வாங்கினார்கள். இரண்டுமே ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டன. நேரான குச்சி ஒழுங்காக வெட்டுப்பட்டது. கோணல் குச்சி துள்ளியது. தடித்த குச்சி சிக்கியது. பால் ஒட்டி ரம்பம் திணறியது.

இளமாறன் வேலையில் சுத்தமான வெல்டர். எதைக் காட்டினாலும் அப்படியே செய்துவிடுவான். ஆனால் இல்லாத ஒன்றை யோசித்து வரைவது அவனுக்கு வராது. அதற்கு ஒரு டிசைன் இன்ஜினியர் வேண்டும். ஜெயசுதா பஸ் ஏறி ஊர் ஊராக இரண்டு மூன்று ஆபீஸ் போய்ப் பார்த்தாள். ஒருவர் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "வூட்டுல படிச்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டினு வாங்கம்மா" என்றார்.

"நான் படிச்சிருக்கேன். இன்னா கேக்கணுமோ கேளுங்க."

அவர் சிரித்துவிட்டு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அவள் போனில் தேட ஆரம்பித்தாள். வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுப்பவர்கள் கூடும் ஓர் இணையதளம் கிடைத்தது. லோகோ வரைபவர், கணக்கு எழுதுபவர், வீடியோ வெட்டி ஒட்டுபவர், மெஷின் டிசைன் செய்பவர் என்று உலகமே அங்கே வரிசையில் நின்றது. நமக்கு வேண்டியதை எழுதிப் போட்டால் அவர்களே வந்து விண்ணப்பிப்பார்கள். பணத்தைத் தளம் வாங்கி வைத்துக்கொள்ளும். வேலை சரி என்று நாம் சொன்னால்தான் அவர்களுக்குப் போகும்.

ஜெயசுதா ஒரே ஒரு வரி எழுதினாள். மரவள்ளிக் குச்சி வெட்டும் மெஷினுக்கு டிசைன் வேண்டும். போன் அதை ஆங்கிலமாக்கிக் கொடுத்தது. வடக்கே ஏதோ ஒரு நகரத்துக்காரர் வேலையை எடுத்தார். மூன்றாவது நாள் படம் வந்துவிட்டது. பச்சையும் வெள்ளையுமாகப் பளபளத்தது. எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். அதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சரி என்று சொல்லிப் பணத்தை விடுவித்துவிட்டாள்.

இளமாறன் அதைப் பார்த்து இருபது நாளில் செய்து முடித்தான். எலவனாசூர்கோட்டையில் ஒரு விவசாயி, தன் மரவள்ளிக் காட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொன்னார். பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். முதல் குச்சியே உள்ளே போய்ச் சிக்கியது. இரண்டாவது, மூடியை இடித்துக்கொண்டு நின்றது. மூன்றாவது கோணல் குச்சி. அது பறந்துபோய் விவசாயியின் மைத்துனர் முழங்காலில் அடித்தது. யாரோ சிரித்தார்கள். மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

பட்டறையில் இறக்கி வைத்த பிறகு இளமாறன் சொன்னான். "மூஞ்சி தெரியாத ஆளுக்கு வேலைய குடுத்தா இப்படித்தான். ஏமாத்திட்டான்."

ஜெயசுதா படத்தையும் தான் எழுதிய அந்த ஒரு வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அவன் ஏமாத்தல மாமா. அவன் மரவள்ளிக் குச்சியவே பாத்ததில்ல. நேரா, உருண்டையா, கம்பி மாதிரி இருக்கும்னு நெனச்சிக்கினு வரஞ்சிருக்கான். நான்தான் சொல்லல."

"இன்னா சொல்லணும்ங்கற?"

"எல்லாத்தையும்."

மறுநாள் கடையில் அளவு பார்க்கும் காலிபர் ஒன்று வாங்கினாள். மூன்று விவசாயிகளின் காடுகளுக்குப் போய் இருநூறு குச்சிகளை அளந்தாள். அடியில் எவ்வளவு, நடுவில் எவ்வளவு, நுனியில் எவ்வளவு தடிமன், எத்தனை குச்சி நேர், எத்தனை கோணல் என்று நோட்டில் எழுதினாள். கரணை வெட்டும் பெண்களின் கையைக் கிட்டத்தில் வைத்து வீடியோ எடுத்தாள். கோணல் குச்சி வந்தால் அவர்கள் அதை லேசாகச் சுழற்றி, வளைவைக் கீழே போட்டு, கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டுதான் வெட்டுகிறார்கள். ஆறு வருடம் அவளும் அதைச் செய்திருக்கிறாள். செய்கிறோம் என்பதே தெரியாமல் செய்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் தமிழில் ஆறு பக்கம் எழுதினாள். போனில் ஆங்கிலமாக்கினாள். இந்த முறை அதோடு விடவில்லை. அந்த ஆங்கிலத்தை மறுபடியும் தமிழாக்கிப் படித்துப் பார்த்தாள். படித்தவள் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். கணு என்பதற்குப் பேச்சு வழக்கில் கண்ணு என்று எழுதியிருந்தாள். போன் அதை, 'ஒவ்வொரு குச்சிக்கும் எட்டு விழிகள் இருக்க வேண்டும், விழிகளைக் காயப்படுத்தக் கூடாது' என்று திருப்பிக் கொடுத்தது. போன் குழம்பிய இடத்தில் எல்லாம் வார்த்தையை எடுத்துவிட்டுப் போட்டோவை வைத்தாள். போட்டோவில் சிவப்பு அம்புக்குறி, அம்புக்குறிக்கு ஓர் எண்.

பதினோரு பேர் விண்ணப்பித்தார்கள். ஜெயசுதா யாருக்கும் உடனே வேலை கொடுக்கவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டாள். இதைப் பார்த்து உங்களுக்கு என்ன சந்தேகம் வருகிறது?

ஒன்பது பேர், சந்தேகமே இல்லை, செய்துவிடலாம் என்று எழுதினார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. ஒரே ஒருவர் மட்டும் மூன்று கேள்வி திருப்பிக் கேட்டிருந்தார். குச்சியை வெட்டுவது ஈரமாக இருக்கும்போதா, காய்ந்த பிறகா? பால் ரம்பத்தில் ஒட்டினால் யார், எதை வைத்துத் துடைப்பார்கள்? இந்த மெஷினைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது யார்?

பெயரைப் பார்த்தாள். தேவி என்று இருந்தது. நம்ம ஊர்ப் பெண் என்று நினைத்துத் தமிழிலேயே வணக்கம் அனுப்பினாள். பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. ஓர் ஓட்டு வீட்டுக் கொல்லைப்புறம். ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும் மரவள்ளிச் செடிகள். அதன் முன்னால் கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண். இந்தோனேசியாவில் லாம்புங் என்ற இடம், இங்கேயும் இதே செடிதான், என் அப்பாவும் இப்படித்தான் கத்தியால் வெட்டுகிறார் என்று கீழே எழுதியிருந்தது.

ஜெயசுதா பட்டறைக்கு ஓடினாள். "மாமா, பாரு. கடலுக்கு அந்தாண்ட கீது. அதே குச்சி!"

இளமாறன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான். பெண்ணைப் பார்க்கவில்லை, செடியைப் பார்த்தான். "நம்மளுத விட கொஞ்சம் ஒசரம் ஜாஸ்தி" என்றான்.

தேவி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்தாள். ஒரு வாரம் குச்சியைப் பிடிக்கும் பாகம் மட்டும், அடுத்த வாரம் ரம்பம் மட்டும். கட்டைவிரல் வீடியோவைத்தான் அதிகத் தடவை பார்த்ததாகச் சொன்னாள். தட்டையான மேசையை எடுத்துவிட்டு நீளமாக ஒரு பள்ளம் வைத்தாள். குச்சி எவ்வளவு கோணலாக இருந்தாலும் வளைவு தானாகவே பள்ளத்தில் போய் உட்காரும். மேலேயிருந்து ரப்பர் உருளை ஒன்று ஸ்பிரிங் விசையில் அமுக்கும். அதுதான் கட்டைவிரல்.

முதலில் அவள் கேட்ட ஸ்பிரிங் சின்னசேலத்தில் எங்கும் கிடைக்கவில்லை. இளமாறனுக்கு எரிச்சல். "ஆர்டர் போட்டா பதினஞ்சி நாளு ஆவும். விவசாயி வூட்டுல ஒடஞ்சா அவன் எங்க போவான்?" ஜெயசுதா வீடியோ காலில் தேவியைக் கூப்பிட்டு, போனை நேராக அவன் கையில் கொடுத்துவிட்டாள். நமக்குக் காலை பத்து மணி என்றால் அங்கே பதினொன்றரை, அதனால் பேசுவதில் சிரமமில்லை. சிரமம் மொழிதான். இளமாறன் மொபெட்டின் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங்கைக் கழற்றிக் கேமரா முன்னால் இழுத்துக் காட்டினான். அந்தப் பக்கம் தேவி எழுந்து வெளியே போனாள். தன் வண்டியின் ஸ்டாண்டு ஸ்பிரிங்கை இழுத்துக் காட்டினாள். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

அன்றிலிருந்து இளமாறன் மூஞ்சி தெரியாத ஆள் என்று சொல்வதை விட்டுவிட்டான். கையில் எது கிடைத்தாலும், "அந்தப் பொண்ணுகிட்ட இதக் காட்டு" என்பான்.

மெஷின் உருவானபோது இரண்டு பாகமாகக் கழற்றும்படி இருந்தது. பெட்ரோல் இன்ஜின் தனி, வெட்டும் பாகம் தனி. இரண்டு பெண்கள் ஆளுக்கொன்றாகத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். யார் தூக்குவார்கள் என்று தேவி கேட்ட கேள்விக்கு அவளே கண்ட பதில் அது.

தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய இடமும் சீக்கிரமே வந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு மேலே சரிவுகளில் மரவள்ளி போடுகிற பெண்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். குழுவுக்குத் தலைவி சின்னப்பொண்ணு. கரணை வெட்ட மெஷின் வாங்கப் போகிறார்கள், யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து ஓட்டிக் காட்டலாம் என்ற செய்தி ஜெயசுதாவுக்கு எட்டியது.

பங்குனியில் ஒரு காலை. இரண்டு மெஷின்கள் வந்திருந்தன. ஒன்று பெரிய கம்பெனியுடையது. டிராக்டரோடு இணைத்து ஓட்டுவது. வேகம் அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டது. காடு கீழே பள்ளத்தில் இருந்தது, டிராக்டர் இறங்க வழியில்லை. கம்பெனி ஆள், குச்சியை எல்லாம் மேலே சுமந்து வரச் சொன்னார்.

ஜெயசுதா இன்ஜினைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். குழுவில் ஒரு பெண் மற்றதை வாங்கிக்கொண்டாள். பத்து நிமிடத்தில் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். இளமாறன் பின்னாலேயே ஸ்பானரோடு வந்தான்.

சின்னப்பொண்ணு குச்சிக் கட்டைப் பிரித்து, இருப்பதிலேயே கோணலான ஒன்றைத் தேடி எடுத்தார். பாம்பு நெளிந்த மாதிரி இருந்தது. "எல்லாரும் நல்ல குச்சியத்தான் வெட்டிக் காட்டறாங்க. இத வெட்டு பாக்கலாம்."

எலவனாசூர்கோட்டையில் சிரித்தவர்களின் முகம் ஜெயசுதாவுக்கு ஒரு நொடி வந்து போனது. குச்சியை வாங்கிப் பள்ளத்தில் வைத்தாள். அது தானாகப் புரண்டு உள்ளே படுத்துக்கொண்டது. உருளை அமுக்கியது. டக், டக், டக் என்று ஐந்து கரணை விழுந்தன. ஐந்தும் ஒரே நீளம்.

சின்னப்பொண்ணு ஒரு கரணையை எடுத்து முனையைத் தடவிப் பார்த்தார். கணுக்களை எண்ணினார். பிறகு அவரே உட்கார்ந்து ஒரு கட்டு முழுவதும் வெட்டினார். சுற்றியிருந்த பெண்கள் நான் ஒரு தபா, நான் ஒரு தபா என்று வரிசையில் வந்தார்கள்.

"வெட்டு நல்லாத்தான் கீது" என்றார் கடைசியில். "ஆனா நான் வெட்றத பாத்து வாங்க மாட்டேன். மொளைக்கிறத பாத்துத்தான் வாங்குவேன். கையில வெட்னது நூறு, இதுல வெட்னது நூறு, பக்கம் பக்கமா நடுவோம். மொளச்சதும் சொல்லி அனுப்பறேன்."

"செய்ங்கம்மா. அதுதான் நாயம்" என்றாள் ஜெயசுதா.

வாயால் சொல்லிவிட்டாளே தவிர, அடுத்து வந்த நாட்கள் அவளுக்குச் சுலபமாகப் போகவில்லை. பட்டறைக் கொல்லையில் தானும் இருபது கரணை ஊன்றித் தினமும் குனிந்து பார்த்தாள். தேவி அங்கிருந்து நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளும் தன் தோட்டத்து மண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அங்கேயும் நட்டிருக்கிறாளாம்.

பதினெட்டாம் நாள் போன் அடித்தது. மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"யாரு, மெஷின்காரம்மாவா? சின்னப்பொண்ணு பேசறேன். கையில வெட்னதுல எழுவத்தொம்போது மொளச்சிது."

"நம்மளுது?"

சிக்னல் போய்விட்டது. ஜெயசுதா பட்டறையை விட்டு ரோட்டுக்கு ஓடினாள். மறுபடி அடித்தாள். மறுபடி அடித்தாள்.

"ஹலோ... தொண்ணூத்தாறும்மா. தொண்ணூத்தாறு! நான் ரெண்டு தபா எண்ணிட்டேன். பன்னெண்டு மெஷின் வேணும். நாப்பது நாளுல நடவு. அதுக்குள்ள ஆவுமா?"

ஜெயசுதா ரோட்டோரத்தில் நின்றபடியே அழுதாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இளமாறன் என்னமோ ஏதோ என்று வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"இன்னா ஆச்சி? இன்னா ஆச்சின்னு சொல்லு!"

"பன்னெண்டு மெஷின் மாமா. நாப்பது நாளு."

அவன் ஒரு கணம் யோசித்தான். "ஆள் வேணும்" என்றான். உடனே, "பண்ணிடலாம்" என்றான்.

பட்டறையில் இன்னும் இரண்டு வெல்டர்கள் வந்தார்கள். மற்ற வேலைகளை ஜெயசுதா தன் போனிலேயே வெளியே பிரித்துக் கொடுத்தாள். மலையில் எடுத்த வீடியோவைச் சுருக்கி இரண்டு நிமிடமாக்கித் தர ஒருவர். மெஷினை எப்படிப் பூட்டுவது, எப்படித் துடைப்பது என்று படம் போட்டு விளக்கும் தாளுக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் முதலில் சின்ன வேலை, அதற்குக் கூலி, பிறகுதான் பெரிய வேலை. வேலை கொடுப்பதற்கு முன் அந்தப் பழைய கேள்வி. சந்தேகம் வராதவர்களை அவள் எடுப்பதில்லை. புரியாத இடம் வந்தால் கூசாமல், புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று எழுதினாள். புரியும்வரை பணத்தை விடவில்லை.

கேரளத்திலும் மரவள்ளி ஏராளம் என்று அவளுக்குத் தெரியும். விளக்கத் தாளை மலையாளத்தில் மாற்ற திருச்சூர் பக்கத்து ஓமனா டீச்சர் கிடைத்தார். ரிட்டயர் ஆனவர். மொழிபெயர்ப்பதற்கு முன்னால் அவர் ஒரு சேதி சொன்னார். "மரவள்ளிக்கு ஒரு பேர் போட்டா போறாது கேட்டோ. எங்க ஊர்ல கொள்ளி, தெக்கே கப்ப, வடக்கே பூள. மூணு பேரையும் மேலே எழுதணும். இல்லேன்னா பாக்கறவா, இது நமக்கான மெஷின் இல்லன்னு நெனச்சுப் போயிடுவா." இணையத்தில் போட்ட வீடியோவின் தலைப்பில் எல்லாப் பெயர்களும் ஏறின. அந்த மாதமே பாலக்காட்டிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் போன் வந்தது.

பன்னிரண்டு மெஷினும் முப்பத்தேழாம் நாள் மலை ஏறின. இரண்டு வண்டிகளில் அடுக்கிக்கொண்டு போனார்கள். முன் வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஜெயசுதா. வெள்ளிமலையில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். சின்னப்பொண்ணு ஒவ்வொரு மெஷினையும் ஒரு கோணல் குச்சியால் சோதித்துத்தான் இறக்கவிட்டார். பன்னிரண்டும் தேறின. மதியம் அங்கேயே சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பாடு.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது பட்டறையில் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். அதில் மூன்று பேர் பெண்கள், முன்பு அவளோடு கரணை வெட்டியவர்கள். வெல்டிங் கற்றுக்கொண்டு சம்பளத்துக்கு வருகிறார்கள். பெயர்ப்பலகையில் கிரில் என்ற சொல் கீழே சின்னதாகிவிட்டது.

போன ஆவணியில் தேவியிடமிருந்து ஒரு நீளமான கடிதம் வந்தது. டிராயிங் உங்களுடையது, நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது, அதை வைத்து எங்கள் ஊரில் ஒரு மெஷின் செய்துகொள்ள அனுமதி வேண்டும் என்று மிகவும் தயங்கித் தயங்கி எழுதியிருந்தாள். ஜெயசுதா ஒரு நாள் யோசித்தாள். கொடுப்பதா வேண்டாமா என்றல்ல, எப்படிக் கொடுப்பது என்று. பிறகு எழுதினாள். ஒன்று இல்லை, எத்தனை வேண்டுமானாலும் உங்கள் ஊரில் செய்து விற்றுக்கொள். இரண்டு ஊர் மெஷினிலும் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். உனக்கு அங்கே ஏதாவது புது யோசனை வந்தால் எனக்குச் சொல், எனக்கு வந்தால் உனக்குச் சொல்கிறேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை வீடியோ கால் வந்தது. பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் போனைச் சூழ்ந்துகொண்டது. செம்மண் காடு. தலையில் கூடைத் தொப்பி போட்ட பெண்கள். நடுவில் நீல நிற மெஷின் ஒன்று. தேவியின் அப்பா தடித்த குச்சி ஒன்றைப் பள்ளத்தில் வைத்தார். டக், டக், டக். அங்கிருந்த பெண்கள் கைதட்டினார்கள். இங்கிருந்த பெண்களும் தட்டினார்கள். எந்தப் பக்கத்துச் சத்தம் எது என்றே தெரியவில்லை.

தேவி கேமராவை மெஷினுக்குக் கிட்டே கொண்டுவந்து ஒவ்வொரு பாகமாகக் காட்டினாள். பெயர்த்தகட்டில் ஜெயசுதா, தேவி என்று இரண்டு பெயரும் ஆங்கில எழுத்தில் இருந்தன.

இளமாறன் போனைக் கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"வெல்டிங் கொஞ்சம் சுமாருதான்" என்றான். "ஆனா பொண்ணு வரஞ்சது வரஞ்ச மாதிரியே ஓடுது."